குறை தட்டில் இல்லை, கணக்கில்

 

நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள். வழக்கமாக இங்கே காலை வணக்கமும் பென்ஷன் செய்தியும் பேத்தியின் படமும் போடுகிறவன், இன்று கோபத்தோடு எழுதுகிறேன். கோபம் முதலில் ஒரு கடைக்காரர் மேல். அடுத்து ஒரு மாணவன் மேல். கடைசியில் என் மேல்.

போன மாதம், 1991-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருவன் சென்னையிலிருந்து வந்தான். பெயர் வேண்டாம். அவனும் இதைப் படிப்பான். எழுதிக்கொள்ளுங்கள் சார் என்று அனுமதி கொடுத்துத்தான் போனான். காரின் பின் சீட்டில் ஒரு டர்ன்டேபிள், ஒரு ஃபோனோ ப்ரீ-ஆம்ப், ஏழு இசைத்தட்டுகள். "எனக்கு இது சரிப்படல சார். நீங்களே வெச்சுக்குங்க" என்றான்.

அவன் அப்பாவை எனக்குத் தெரியும். அரிசி ஆலையில் கணக்குப்பிள்ளை. தீபாவளி போனஸ் வந்தால் வேட்டி எடுக்கிறாரோ இல்லையோ, ஒரு ரெக்கார்டு வாங்குவார். நாதஸ்வரம், பாட்டுக் கச்சேரி, சினிமா என்று 120 தட்டுகள் சேர்த்திருந்தார். ஒவ்வொரு உறையின் பின்பக்கத்திலும் வாங்கிய தேதியும் விலையும் நீல மையில் எழுதியிருக்கும். கணக்குப்பிள்ளை அல்லவா.

அவர் காலமான பிறகு, அப்பாவின் தட்டுகளைக் கேட்க வேண்டும் என்று பையனுக்கு ஆசை. கடைக்குப் போனான். "மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்தான் உயர்ந்தது" என்று ஒன்றைக் கொடுத்தார்கள். "இதுதான் நல்ல ப்ரீ-ஆம்ப், ஒலி ரொம்ப வெதுவெதுப்பாக இருக்கும்" என்று இன்னொன்றைக் கொடுத்தார்கள். வீட்டில் மாட்டினால் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. வால்யூமைக் கடைசிவரை திருப்பினால் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், 'ம்ம்' என்ற ஹம், அதற்கு நடுவே எங்கோ தூரத்தில் ஒரு நாதஸ்வரம். கடைக்குப் போன் செய்தான். வந்த பதில்: "ரெக்கார்டு பழசு சார். க்ரூவ் தேஞ்சு போயிருக்கும்."

இவன் நம்பிவிட்டான். அடுத்த மாதம் வீடு மாற்றும்போது 113 தட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டான். உறை அழகாக இருக்கிறதே, ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டலாமே என்று ஏழை மட்டும் வைத்துக்கொண்டான். அந்த ஏழுதான் காரில் வந்தவை.

நான் அந்த ப்ரீ-ஆம்பைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் 'எம்.எம்.' என்ற ஒரே ஒரு உள்ளீடு. வேறு சுவிட்ச் எதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜின் தாளைப் பார்த்தேன். வெளியீடு 0.3 மில்லிவோல்ட். விஷயம் அவ்வளவுதான். என் ப்ரீ-ஆம்பை மாட்டி, எம்.சி. பக்கம் சுவிட்சைத் தள்ளி, அவன் கொண்டுவந்த நாதஸ்வரத் தட்டையே போட்டேன். தவில் முதல் அடி விழுந்ததும் சமையலறையில் இருந்த என் மனைவி வெளியே வந்துவிட்டாள்.

அவன் ஒரு பக்கம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும், "அப்ப அந்த 113?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இதைத்தான் போன வாரம் இங்கே இரண்டு வரியில் போட்டேன். உடனே வந்த பதில்களைப் பார்த்துத்தான் இந்த நீளப் பதிவு. "விலை உயர்ந்ததாக வாங்கியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது" என்றார் ஒருவர். "காதுதான் நீதிபதி, எண்ணெல்லாம் எதற்கு" என்றார் என் சகலை. "பெரியப்பா, போன்லேயே எல்லாப் பாட்டும் இருக்கே" என்றாள் ஒரு பெண். "வாத்தியார் டிரெயினிங் படித்தவருக்கு எலக்ட்ரானிக்ஸ் எதற்கு" என்றும் ஒரு உறவினர் கேட்டிருக்கிறார். வரிசையாகப் பதில் சொல்கிறேன். கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன்.

ஆமாம், நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்றவன்தான். இன்ஜினீயர் இல்லை. ஆனால் இந்த விவகாரத்துக்கு வேண்டியது பெருக்கலும் வகுத்தலும். அதைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் பழைய பாடத்தை நினைவுபடுத்துங்கள். ஆய்வுக்கூடம் இல்லாத நம் பள்ளியில், கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நான் உள்ளே வெளியே அசைக்க, கால்வனாமீட்டர் முள் ஆடுவதைப் பார்த்தீர்களே. ஃபாரடே 1831-ல் கண்டது. கார்ட்ரிட்ஜ் என்பது அதேதான். தட்டின் பள்ளத்தில் ஊசி ஆடுகிறது. ஊசித் தண்டின் மறுமுனையில் காந்தம் ஆடினால் மூவிங் மேக்னெட், எம்.எம். கம்பிச்சுருள் ஆடினால் மூவிங் காயில், எம்.சி. ஆடுகிற சுருள் இலேசாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கம்பியின் சுற்றுகளைக் குறைத்துவிடுகிறார்கள். சுற்று குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். எம்.எம். வகை 3 முதல் 6 மில்லிவோல்ட் வரை தரும். வெளியீடு குறைந்த எம்.சி. 0.2 முதல் 0.5 வரைதான் தரும். பத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே.

இவன் வாங்கியது டெனான் டி.எல்.-103. அதில் ஒரு குறையும் இல்லை. 1960-களில் ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தேவைக்காக உருவானது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. வெளியீடு 0.3 மில்லிவோல்ட், சுருளின் மின்தடை 40 ஓம். இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது பெருக்கம். ப்ரீ-ஆம்ப் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை டெசிபலில் போட்டிருப்பார்கள். பயப்பட வேண்டாம். ஒவ்வொரு 20 டெசிபலுக்கும் பத்து மடங்கு, ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. இந்த வாய்ப்பாடு போதும். எம்.எம். உள்ளீட்டில் வழக்கமான பெருக்கம் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு. 5 மில்லிவோல்ட் தரும் எம்.எம். கார்ட்ரிட்ஜை மாட்டினால் 500 மில்லிவோல்ட், அரை வோல்ட். ஆம்ப்ளிஃபையருக்கு அது போதும்.

அதே உள்ளீட்டில் 0.3-ஐ மாட்டினால்? 30 மில்லிவோல்ட். சி.டி. பிளேயர் அதிகபட்சமாகத் தருவது 2 வோல்ட் அளவில். அதில் 66-ல் ஒரு பங்கு இது! வால்யூமைத் திருகித்தான் ஈடு கட்ட வேண்டும். திருகினால் ஆம்ப்ளிஃபையரின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். அவன் வீட்டில் நடந்தது இதுதான். 60 டெசிபல் இருந்தால் ஆயிரம் மடங்கு, 300 மில்லிவோல்ட். 64 இருந்தால் ஏறத்தாழ 1,600 மடங்கு, கிட்டத்தட்ட அரை வோல்ட். எனவே 0.3 மில்லிவோல்ட் கார்ட்ரிட்ஜுக்கு 60 முதல் 65 டெசிபல் வேண்டும். பெருக்கம் அதிகமானாலும் ஆபத்து உண்டு. 5 மில்லிவோல்ட் எம்.எம்.-ஐ 65 டெசிபலில் மாட்டினால் கணக்குப்படி 9 வோல்ட் அளவுக்கு வரும். தட்டில் பலமான இடங்கள் இன்னும் பல மடங்கு போகும். ஒலி கிழிந்துவிடும்.

"விலை உயர்ந்ததாக வாங்கியிருந்தால்" என்றவருக்கு இதுதான் பதில். லட்ச ரூபாய் ப்ரீ-ஆம்பாக இருந்தாலும் எம்.எம்.-க்கு மட்டும் 40 டெசிபல் கொடுப்பது என்றால், இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு அது கிணற்றுச் சத்தம்தான் தரும். எட்டாம் நம்பர் காலுக்கு ஐந்தாம் நம்பர் செருப்பை விலை கூட்டி வாங்கினால் பொருந்திவிடுமா?

அந்தக் கடைக்காரர் சொன்ன பதிலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. "தட்டு தேஞ்சிருக்கும்" என்றாரே. தேய்ந்த தட்டு எப்படிப் பாடும்? கரகரப்பு வரும். உச்சஸ்தாயி கிழியும். தட்டின் உள்வட்டத்துக்கு வரவர மோசமாகும். படபடவென்று வெடிச்சத்தம் கேட்கும். ஆனால் தட்டு முழுவதும் முதலில் இருந்து முடிவு வரை ஒரே சீராகச் சத்தம் குறையாது. பாட்டும் தூசியின் வெடிப்பும் சேர்ந்து தாழ்ந்து கேட்டால் குறை தட்டில் இல்லை, பெருக்கத்தில். இது தெரியாமல் சொன்னாரா, பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மனமில்லாமல் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் விலை கொடுத்தது ஒரு கணக்குப்பிள்ளையின் முப்பது தீபாவளி.

அடுத்து பாரம். ப்ரீ-ஆம்பின் உள்ளீடு கார்ட்ரிட்ஜ் மேல் ஒரு மின்தடையைப் பாரமாக ஏற்றுகிறது. எம்.எம்.-க்கு 47,000 ஓம் என்பது பொதுவழக்கு. எம்.சி.-க்கு, சுருளின் மின்தடையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கில் தொடங்குங்கள் என்பது அனுபவ விதி. 40 ஓம் சுருளுக்கு 400 ஓம் பக்கம். வண்டி மாடு மாதிரிதான். பாரமே இல்லாவிட்டால் துள்ளும். அதிகமாக ஏற்றினால் படுத்துவிடும். 40 ஓம் சுருளுக்கு 40 ஓம் பாரம் வைத்தால் மின்னழுத்தம் பாதியாகிவிடும்; ஏற்கனவே இருப்பதே 0.3. 400 வைத்தால் பதினொன்றில் ஒரு பங்குதான் போகும்.

இதில் நானே வழுக்கி விழுந்தவன். மூன்று வருடம் முன்பு என் தங்கை மகன் சிங்கப்பூரிலிருந்து ஒரு எம்.சி. கார்ட்ரிட்ஜ் கொண்டுவந்து கொடுத்தான். பெருக்கத்தைச் சரியாக வைத்தேன். பாரத்தை 47,000-லேயே விட்டுவிட்டேன். வயலின் கூர்மையாகக் குத்தியது. இரண்டு வாரம் கார்ட்ரிட்ஜைத் திட்டினேன். "மாப்பிள்ளை, உன்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவனுக்கும் செய்தி அனுப்பினேன். பிறகு ஒருநாள் பெட்டியைத் துடைக்கக் கவிழ்த்தபோதுதான் அடியில் சின்னச் சின்னச் சுவிட்சுகள் இருப்பதைப் பார்த்தேன். 470 ஓமுக்கு மாற்றினேன். குத்தல் அடங்கியது. கையேட்டைப் படிக்காத வாத்தியார்! அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆகவே பிறரை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது இரைச்சல். 0.3 மில்லிவோல்ட்டை ஆயிரம் மடங்கு பெருக்கும்போது பெருக்கியின் சொந்த இரைச்சலும் பெருகும். விளம்பரத்தில் 'சிக்னல்-இரைச்சல் விகிதம் 80 டெசிபல்' என்று போட்டிருந்தால், "எத்தனை மில்லிவோல்ட் உள்ளீட்டுக்கு?" என்று கேளுங்கள். 5 மில்லிவோல்ட்டை வைத்து அளந்த எண்ணும் 0.5-ஐ வைத்து அளந்த எண்ணும் ஒன்றல்ல. நடுவே 20 டெசிபல் வித்தியாசம். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஹம் தனிக் கதை. 1954-ல் அமெரிக்க ரெக்கார்டிங் தொழில் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. முறைப்படி, தட்டு வெட்டும்போது கீழ் ஒலியைக் குறைத்து மேல் ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். ப்ரீ-ஆம்ப் அதைத் தலைகீழாக்கித் திருப்பித் தர வேண்டும். அதனால் கீழ் ஒலி அதிகமாகப் பெருக்கப்படுகிறது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் பெருக்கம், 1,000 ஹெர்ட்ஸில் இருப்பதைப்போல் 7 மடங்கு! எர்த் ஒயர் ஒன்று விட்டுப்போனால் வீடே வண்டு மாதிரி ரீங்கரிப்பது இதனால்தான். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ப்ரீ-ஆம்பின் திருகில் இறுக்குங்கள். ஆம்ப்ளிஃபையரின் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ப்ரீ-ஆம்பை வைக்காதீர்கள். தள்ளி வைத்ததும் ஹம் குறைந்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இப்போது என் சகலைக்கு. காது நீதிபதிதான், ஒப்புக்கொள்கிறேன். நல்ல ப்ரீ-ஆம்புக்கு விலை கூடக் காரணம் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். முதல் கட்டப் பெருக்கி அமைதியாக இருக்க நல்ல பாகங்கள் வேண்டும், சுத்தமான மின்வழங்கி வேண்டும். எண்கள் ஒத்துப்போகிற இரண்டு பெட்டிகள் இரண்டு விதமாக ஒலிப்பதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் நீதிபதி தீர்ப்புச் சொல்லும் முன் வழக்கு ஒழுங்காகப் பதிவாக வேண்டும். பெருக்கம், பாரம், இரைச்சல் மூன்றும் சரியானபின் காதைக் கூப்பிடுங்கள். 'வெதுவெதுப்பு', 'காற்றோட்டம்', 'மேடை விரிகிறது' என்ற அலங்காரமெல்லாம் அதற்குப் பிறகு. என் மாணவனின் காதும் நல்ல காதுதான். தவறாகப் பொருத்திய பெட்டியைக் கேட்டு, தட்டின் மேல் தீர்ப்பு எழுதிவிட்டது.

போனில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்ற பெண்ணுக்கு: இருக்கிறது அம்மா. நானும் கேட்கிறேன். ஆனால் உறையின் பின்னால் நீல மையில் எழுதிய தேதி போனில் இல்லை. தவிர, பழைய நாதஸ்வரத் தட்டு எல்லாமே போனுக்கு வந்துவிட்டது என்று எண்ணாதே.

அவன் வாங்கிய எம்.எம். ப்ரீ-ஆம்ப் வீணா என்றால், வீணில்லை. நடுவில் ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் மாட்டினால் போதும். 1-க்கு 10 என்ற சுற்று விகிதம் இருந்தால் 0.3 என்பது 3 மில்லிவோல்ட் ஆகும். அது எம்.எம். வரம்புக்குள் வந்துவிடுகிறது. பாரமும் மாறும்: 47,000-ஐ விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது 100-ஆல் வகுத்தால் 470 ஓம். 40 ஓம் சுருளுக்கு அழகாகப் பொருந்துகிறது. "அப்படியானால் 1-க்கு 20 இன்னும் நல்லதுதானே" என்று அவசரப்படாதீர்கள். 47,000-ஐ 400-ஆல் வகுத்தால் 117 ஓம் சொச்சம். சத்தம் கூடும், பாரமும் ஏறும். சுருளின் மின்தடை குறைந்த கார்ட்ரிட்ஜுக்கு அது பொருந்தலாம். கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். அவனுக்கு 1-க்கு 10 வாங்கச் சொன்னேன். வாங்கி மாட்டிவிட்டான், இப்போது பாடுகிறது.

இனி என் மேல் உள்ள கோபம். இந்தப் பையனுக்குக் காந்தமும் கம்பிச்சுருளும் நடத்தியது நான். தசமப் பெருக்கல் நடத்தியதும் நான். பரீட்சையில் 90-க்கு மேல் வாங்கினான். அதே 0.3-ஐயும் 100-ஐயும் கடையில் பார்த்தபோது அவனுக்கு அது கணக்கு என்றே தோன்றவில்லை. கணக்கு என்றால் கரும்பலகையில் இருப்பது, கடையில் இருப்பது கடைக்காரர் வார்த்தை என்று நினைத்திருக்கிறான். அப்படி நினைக்க விட்டது யார் குற்றம்? விடையைச் சரிபார்த்து டிக் போட்டேனே தவிர, "இது எங்கே உதவும், யார் உன்னை ஏமாற்றும்போது இது காப்பாற்றும்" என்று ஒருநாளும் சொல்லவில்லை. அதனால் ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து, விட்டுப்போன பாடத்தை இங்கே நடத்துகிறேன்.

வீட்டுப்பாடம் இதோ. கடைக்குப் போகும் முன் கார்ட்ரிட்ஜின் தாளில் இருந்து இரண்டு எண்: வெளியீடு மில்லிவோல்ட், சுருளின் ஓம். ப்ரீ-ஆம்பின் தாளில் இருந்து மூன்று: பெருக்கம் டெசிபல், பாரம் ஓம், இரைச்சல் எந்த உள்ளீட்டுக்கு என்பது. இந்த ஐந்தையும் எழுதி, பெருக்கி, வகுத்துப் பாருங்கள். வாங்கி வந்ததும் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் வைத்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காருங்கள். இரைச்சல் காதில் விழக் கூடாது. விழுந்தால் திருப்பிக் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் பணம்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் அப்பாவுடையதோ தாத்தாவுடையதோ தட்டுகள் இருந்தால், "தேய்ந்துவிட்டது" என்று யார் சொன்னாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நேரில் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. மதியச் சாப்பாடு என் வீட்டில். டர்ன்டேபிள் தயாராக இருக்கிறது.

அவனுடைய ஏழு தட்டையும் ஃப்ரேம் போடக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். போகும்போது ஒரு உறையின் பின்பக்கத்தைக் காட்டினான். அவன் பிறந்த வருடத் தீபாவளித் தேதி.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்